வாளையாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்: கொரோனாவில் எந்த அரசு நன்றாகச் செய்தது?

கேள்வி: நான் கோவையில் கல்லூரி மாணவன். கொரோனா காலத்தில் கேரளம் பிரமாதமாகச் செய்தது, தமிழ்நாடு தடுமாறியது, அதிலும் கொங்கு மண்டலத்தைச் சென்னை கண்டுகொள்ளவே இல்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் ஒரு மணி நேரப் பயணம்தான். அந்தப் பக்கம் ஒரு மாதிரி, இந்தப் பக்கம் ஒரு மாதிரி ஆனது எப்படி? இதை எப்படி ஒப்பிட்டு எழுதுவது?

பதில்:

முதலில் தேதியைப் பாருங்கள். எந்தத் தேதியில் நின்றுகொண்டு ஒப்பிடுகிறோம் என்பதை வைத்தே யார் ஜெயித்தார்கள் என்பது மாறிவிடும். 2020 மே மாதம் கோவை-பாலக்காடு எல்லையில் உள்ள வாளையார் சோதனைச் சாவடியில் என்ன நடந்தது? தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய மலையாளிகள் பாஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தார்கள். கேரளத்தில் நோய் ஏறக்குறைய அடங்கியிருந்தது, அதனால் யார் உள்ளே வருகிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் விட்டார்கள். சரி, 2021 ஆகஸ்டுக்கு வாருங்கள். அதே வாளையார். இந்த முறை தடுத்து நிறுத்தியது தமிழ்நாடு. ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருபவர்கள் பரிசோதனைச் சான்றோ தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்றார்கள். அப்போது நாட்டில் தினமும் பதிவான புதிய தொற்றுகளில் பாதி கேரளத்தில்தான். முதல் படத்தை மட்டும் பார்த்தவர் கேரளத்தைப் புகழ்ந்தார், இரண்டாவதை மட்டும் பார்த்தவர் ஏசினார்.

நான் கோவை மாவட்டத்தில் பொது சுகாதாரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கேரள எல்லையோரப் பகுதியில்தான் பெரும்பாலான வருடம் வேலை. அதனால் அந்தப் பக்கத்து ஆட்களோடு பழக்கம் உண்டு. நான் சொல்வதில் கொஞ்சம் துறைப் பாசம் இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

இரண்டு மாநிலங்களும் நோய் வருவதற்கு முன்பே வேறு வேறு விதமாகக் கட்டப்பட்டவை. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் உறுதியானார். வூகானிலிருந்து திரும்பிய மாணவி. கேரளம் அலறவில்லை. காரணம், 2018-இல் கோழிக்கோடு, மலப்புறம் பகுதியில் நிபா வைரஸ் வந்து 17 பேர் இறந்திருந்தார்கள். நோயாளி யாரையெல்லாம் பார்த்தார், எந்த பஸ்ஸில் ஏறினார் என்று வரைபடம் போட்டுத் தேடுவது அவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே கைவந்திருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் வார்டு உறுப்பினர். கேரளத்தில் பஞ்சாயத்துகளிடம் பணமும் அதிகாரமும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையமே அவர்கள் பொறுப்பில் வருகிறது. ஒவ்வொரு வார்டிலும் உறுப்பினர், ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர், குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சேர்ந்த குழு இருந்தது. தனிமையில் இருப்பவர் வீட்டுக்கு அரிசி போனதா, மருந்து தீர்ந்துவிட்டதா, ஆள் வெளியே சுற்றுகிறாரா என்று பார்ப்பது இந்தக் குழுதான். சமுதாயச் சமையலறைகளையும் குடும்பஸ்ரீ பெண்களே நடத்தினார்கள்.

தமிழ்நாட்டு அமைப்பு வேறு. நம்மிடம் இருப்பது அதிகாரிகளின் வழியே இறங்கும் ஏற்பாடு. 1939-லேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் போட்டது. இன்றைக்கும் நாட்டின் பல மாநிலங்களில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆஸ்பத்திரிகளைப் பார்க்கும் துறை தனி, ஊர்ச் சுகாதாரத்தைப் பார்க்கும் துறை தனி. மாவட்டத்துக்கு ஒரு துணை இயக்குநர், அவருக்குக் கீழே வட்டார மருத்துவ அலுவலர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர். மருந்து வாங்க 1994-இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கேரளமே பின்னால் தன் கழகத்தை அமைத்தது. ஆக மேலிருந்து உத்தரவு சரியாக வந்தால் நம் ஏற்பாடு வேகமாக ஓடும். உத்தரவு தப்பாக வந்தாலும் அதே வேகத்தில் தப்பாக ஓடும், கீழே இருந்து நிறுத்த ஆள் கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் நகராட்சி, மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். அதாவது கொரோனாவின் இரண்டு பெரிய அலைகளும் அடித்து ஓயும்வரை கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாநகராட்சிகளில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலர் ஆட்சி. வீட்டைத் தகரம் வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டால், உள்ளே இருக்கும் வயதானவருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும் என்று யாரிடம் சொல்வது? உதவி எண்ணுக்குப் போன் போட வேண்டும், அது எப்போதும் பிஸி. ஆனால் நம் மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்து முடிந்திருந்தது. ஜனவரியில் பதவியேற்ற ஊராட்சித் தலைவர்கள் புது உற்சாகத்தோடு இருந்தார்கள். 2020-இல் கிராமங்கள் நகரங்களைவிட ஒழுங்காக இருந்ததற்கு ஜன நெருக்கடி குறைவு என்பது மட்டும் காரணமில்லை. பெயர் தெரிந்த ஒரு ஆளிடம் போய்ச் சண்டை போட முடிந்ததும் காரணம். பாலக்காட்டு நகரவாசிக்கு இருந்த வார்டு மெம்பர், கோவை காந்திபுரத்துக்காரருக்கு இல்லை. கேரளத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதுதான் என்பது என் கருத்து. படிப்பறிவு, கலாசாரம் என்று பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஈரோட்டைப் பார்ப்போம். தாய்லாந்திலிருந்து வந்திருந்த ஒரு குழுவில் இருவருக்கு 2020 மார்ச் 21 அன்று தொற்று உறுதியானது. மறுநாளே மத்திய அரசு முடக்கச் சொன்ன 75 மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து மூன்று பெயர்: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. ஜவுளிச் சந்தைக்கு நாலு மாநில வியாபாரிகள் வந்து போகும் ஊர். என்ன ஆகுமோ என்று எல்லோரும் பயந்தோம். ஆனால் அந்தக் குழு தங்கிய, நடமாடிய தெருக்களை அடைத்து, வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டு, தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். நேதாஜி மார்க்கெட்டைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். மொத்தம் 70 பேருக்குத் தொற்று, ஒருவர் இறந்தார். ஏப்ரல் கடைசியில் பெருந்துறை மருத்துவக் கல்லூரியிலிருந்து மிச்சமிருந்த நோயாளிகளும் வீடு திரும்பினார்கள். அதே சமயம் சென்னையில் கோயம்பேடு சந்தையை நேரத்துக்கு மாற்றாமல் விட்டதால் மே மாதம் அரியலூர், விழுப்புரம், கடலூர் வரை நோய் லாரி ஏறிப் போனது. ஒரே மாநில அரசு, ஒரே சட்டம், ஒரே மாதம். ஈரோட்டில் ஒரு முடிவு, கோயம்பேட்டில் வேறு முடிவு. மாநிலத்தோடு மாநிலத்தை மட்டும் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

ஆனால் ஈரோட்டின் கதை அங்கே முடியவில்லை. 2021 ஜூன், ஜூலையில் பொது சுகாதாரத் துறை மாவட்டவாரியாக ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ஆய்வு செய்தது. மாநில சராசரி 66 சதவீதம். விருதுநகர் 84. ஈரோடு 37, அதுதான் மாநிலத்திலேயே குறைவு. கொங்கு மாவட்டங்கள் பலவும் பட்டியலின் அடிப்பாகத்தில் இருந்தன. அர்த்தம் என்ன? முதல் வருடம் ஜாக்கிரதையாக இருந்த ஊரில் நோய் படாதவர்கள் அதிகம். தடுப்பூசி வருவதற்குள் வேகமாகப் பரவும் டெல்டா வகைக் கொரோனா வந்துவிட்டால் அடி அங்கேதான் விழும், தாமதமாகவும் விழும். சென்னை இறங்க ஆரம்பித்த பிறகு கோவை ஏறியதற்கு இது பெரிய காரணம்.

கேரளத்துக்கும் இதே கணக்குதான். ஏறக்குறைய அதே மாதங்களில் ஐ.சி.எம்.ஆர். என்ற மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு எடுத்த இதே மாதிரி ஆய்வில் மத்தியப் பிரதேசம் 79 சதவீதம், தமிழ்நாடு 69.2, கேரளம் 44.4. நாட்டிலேயே குறைவு கேரளம்தான். அப்படியானால் 2021 ஆகஸ்டில் அங்கே தொற்று குவிந்ததைத் தோல்வி என்று சொல்வதா? அவர்கள் பலரையும் ஒன்றரை வருடம் காப்பாற்றி வைத்திருந்தார்கள், அதில் ஒரு பகுதியினர் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு நோயைச் சந்தித்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்ற நிலை அங்கே பரவலாக வரவில்லை. நோயைத் தள்ளிப்போட்டதே லாபம். ஓணத்துக்கும் பக்ரீத்துக்கும் தளர்வு கொடுத்ததை நான் நியாயப்படுத்தவில்லை, அது வேறு.

தள்ளிப்போட்டுக் கிடைத்த நேரத்தை வீணாக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் திம்பம் மலைப்பாதைக்கு மேலே போக வேண்டும். தாளவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர். 2020 ஜூன் வரை ஒரு தொற்றுகூட இல்லாத மாவட்டம், கர்நாடகத்தின் பச்சை மண்டலம் என்று பெருமையாகப் பேசினார்கள். 2021 மே 2-ஆம் தேதி இரவு அதன் மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்தது. மைசூரிலிருந்து வர வேண்டிய சிலிண்டர்கள் நேரத்துக்கு வரவில்லை. ஒரு நாளைக்குள் 24 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர்தான் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தார்கள் என்று முதலில் அரசுத் தரப்பில் சொன்னார்கள். பிறகு உயர் நீதிமன்றம் அமைத்த குழு போய்ப் பார்த்தபோது ஆக்சிஜன் பற்றாக்குறையே காரணம் என்று வந்தது. ஒரு வருடம் பச்சையாக இருந்தது அரசின் சாமர்த்தியமா, ஒதுக்குப்புறமாக இருந்ததன் அதிர்ஷ்டமா என்று அந்த இரவு காட்டிவிட்டது.

ஆக்சிஜன் விஷயத்தில் நமக்கும் கேரளத்துக்கும் ஒரே வாசல். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் உள்ள தொழிற்சாலையிலிருந்துதான் இரண்டு பக்கமும் போனது. 2021 ஏப்ரலில் கேரளம் உபரி வைத்திருந்தது, தமிழ்நாட்டுக்கும் கொடுத்தது. மே 10 வாக்கில் தங்கள் ஊரிலேயே நோயாளிகள் பெருகியதும், இனி வெளியே அனுப்ப முடியாது என்று முதல்வர் பினராயி விஜயன் பிரதமருக்கு எழுதினார். இதில் கேரளத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020-லேயே ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் எவ்வளவு ஆக்சிஜன் சேர்த்து வைக்கலாம் என்று கணக்குப் பார்த்து வைத்தது அவர்கள் புத்திசாலித்தனம். கர்நாடகம் 2020 மார்ச்சில் காசர்கோடு எல்லையில் மண் கொட்டி ரோட்டை மூடி, மங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளிகளைத் திருப்பி அனுப்பியதோடு ஒப்பிட்டால், வாளையாரில் நம் இரு அரசுகளும் எவ்வளவோ கண்ணியமாக நடந்துகொண்டன. முட்டையும் காய்கறியும் போய்க்கொண்டுதான் இருந்தன. (கறிக்கோழிதான் பாவம். கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளியில் பல்லடம் பண்ணைக்காரர்கள் 2020 மார்ச்சில் நொடிந்துபோனார்கள். அதற்கு எந்த அரசும் பொறுப்பில்லை.)

பரிசோதனையில் தமிழ்நாட்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். சீனாவிலிருந்து வந்த துரித ஆன்டிபாடி கிட்டுகள் தவறு காட்டியதும் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஆய்வகத்தில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை மட்டும்தான் என்று உறுதியாக நின்றார்கள். கேரளம், கர்நாடகம், டெல்லி எல்லாம் பாதி நேரம் துரித ஆன்டிஜென் பரிசோதனையை நம்பின. அதில் முடிவு அரை மணி நேரத்தில் வரும், ஆனால் நோய் இருப்பவர்களில் கணிசமானவர்களை விட்டுவிடும். நம் முறையில் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் ஆள் நாலு இடம் போய்வந்துவிடுவார் என்ற குறையும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், இருவரின் தொற்று விகிதத்தையும் ஒரே வரிசையில் எழுதி ஒப்பிடுவது தப்பு.

செய்ததுபோல் காட்டிக்கொண்ட வேலைகளும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் தேதி திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். உள்ளே நடந்துபோனால் மேலே மருந்து தெளிக்கும். நாடெங்கும் அதைப் பார்த்து ஆளாளுக்கு வைத்தார்கள். பத்து நாளில் பொது சுகாதாரத் துறையே, இதனால் பயனில்லை, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதி, நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டது. அப்போது அதைக் கேள்வி கேட்டவர்களை ஊரில் யாரும் மதிக்கவில்லை. அதே சமயத்தில் சத்தமில்லாமல் நடந்த நல்ல வேலை ஒன்று கோவையில் இருந்தது. சிட்ரா என்று நாம் சொல்லும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் பாதுகாப்பு உடைத் துணியைச் சோதித்துச் சான்று கொடுத்தது. ஆரம்பத்தில் நாட்டிலேயே அப்படிச் சோதிக்கக்கூடிய இடங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பனியன் கம்பெனிகள் முகக்கவசமும் கவச உடையும் தைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நாம் தெளிவாகப் பின்தங்கியது வடமாநிலத் தொழிலாளர்கள் விஷயத்தில். கேரளம் அவர்களை விருந்தினர் தொழிலாளர் என்று அழைத்ததோடு நிற்காமல், ஹிந்தியிலும் வங்காளத்திலும் பேசும் ஆட்களை வைத்து முகாம் நடத்தியது. திருப்பூரும் கோவையும் அவர்கள் உழைப்பில்தான் ஓடுகின்றன, ஆனால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற ஒழுங்கான பட்டியலே நம்மிடம் இல்லை. அரசு கொடுத்த 1,000 ரூபாய் ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு. அவர்களுக்கு ஏது இங்கே கார்டு? மே மாதம் சிறப்பு ரயில் விட்டபோது மூட்டையோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர்கள் போன பிறகு, ஆள் இல்லை, பஸ் அனுப்பியாவது கூட்டிவர வேண்டும் என்று ஓடினோம்.

தடுப்பூசியில் இன்னொரு பாடம். ஒரு குப்பியில் பத்து டோஸ் என்று எழுதியிருந்தாலும் கைத்திறன் உள்ள நர்ஸ் பதினோராவதையும் எடுக்க முடியும். 2021 மே மாத ஆரம்பத்தில் கேரளம் தனக்கு வந்த 73,38,806 டோஸை வைத்துக்கொண்டு 74,26,164 டோஸ் போட்டிருந்தது. தமிழ்நாடோ ஆரம்ப மாதங்களில் வீணாக்கும் மாநிலங்களின் பட்டியலில் முன்வரிசையில். போட்டுக்கொள்ள ஆள் வரவில்லை, திறந்த குப்பி வீணானது. ஜூனுக்குள் நிலைமை தலைகீழ், கோவையில் விடியற்காலை நாலு மணிக்கே டோக்கனுக்கு வரிசை.

இங்கேதான் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கோபம் வருகிறது. 2021 மே 7 அன்று ஸ்டாலின் முதல்வரானார். கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளிலும் அவர் கூட்டணி தோற்றிருந்தது. மே கடைசியில் கோவையின் தினசரித் தொற்று 4,000-ஐத் தாண்டி, சென்னையை முந்தியது. படுக்கை இல்லை, தடுப்பூசி சென்னைக்கே போகிறது, ஓட்டுப் போடாததால் பழி வாங்குகிறார்கள் என்று பேச்சு. மே 30 அன்று முதல்வர் கோவை வந்து, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கவச உடை போட்டு கொரோனா வார்டுக்குள்ளேயே போனார். அப்புறம் ஜூனில் தளர்வுகள் வந்தபோது 11 மாவட்டங்களுக்கு மட்டும் தளர்வு குறைவு. அதில் ஏழு நம்முடையவை: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல். மிச்சம் நாலு காவிரி டெல்டா மாவட்டங்கள்.

பழிவாங்கல் என்பதை நான் ஏற்கவில்லை. காவிரி டெல்டா மாவட்டங்கள் தி.மு.க. கூட்டணிக்கு வாரி வழங்கிய பகுதி, அவையும் அதே பட்டியலில் இருந்தன. ஆனால் கவனக்குறைவு இருந்தது. மே இரண்டாவது வாரம் மாநிலமே சென்னையின் படுக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு, 2020-இல், எடுத்த எதிர்ப்புச் சக்தி ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு, மேற்கு மாவட்டங்களில் நோய் படாதவர்கள் அதிகம், அடுத்த அடி அங்கேதான் என்று அப்போதே ஆக்சிஜன் படுக்கைகளை நகர்த்தியிருக்கலாம். அந்த இரண்டு வாரம் போனது போனதுதான். நம் பக்கமும் தவறு உண்டு. கம்பெனிகளை ஓட்ட அனுமதி கேட்டு நின்றது நம் தொழிலதிபர்கள். ஷிப்டுக்கு வந்தவர்கள் வழியே தொற்று தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனது. வேலை நின்றால் சோறில்லை என்று நின்ற தொழிலாளியை இதில் சேர்க்காதீர்கள்.

கோவைக்கு இது புதிதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது, ஜனங்கள் ஊரைக் காலி செய்து வெளியே குடிசை போட்டார்கள். இன்றும் நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. 2021-இல் இருகூர் பக்கம் ஒரு ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்ததை வெளியூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். நம் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

கடைசியாக மரணக் கணக்கு. இதில்தான் ஒப்பீடுகள் பெரும்பாலும் வழுக்கி விழுகின்றன. அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கொரோனா மரணம் 38,000 சொச்சம். கேரளத்தில் 70,000-க்கும் மேல். ஜனத்தொகையோ நமக்கு 7.5 கோடிக்கு மேல், அவர்களுக்கு சுமார் 3.5 கோடி. இதை அப்படியே நம்பினால் கேரளத்தில் நாலு மடங்கு சாவு என்று ஆகிவிடும். நடந்தது வேறு. இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு, கேரளம் விட்டுப்போன பழைய மரணங்களை ஆயிரக்கணக்கில் தன் கணக்கில் சேர்த்தது. நாம் 2020 ஜூலையில் சென்னையின் விடுபட்ட 444 மரணங்களைச் சேர்த்ததோடு பெரிய அளவில் நிறுத்திக்கொண்டோம். சர்க்கரை, இதய நோய் என்று எழுதப்பட்ட மரணச் சான்றுகள் அப்படியே கிடக்கின்றன. 2021-இல் தமிழ்நாட்டின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஏறிய மரணங்களை 2019-இன் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால், கூடுதல் மரணம் அரசின் கொரோனா கணக்கைவிடப் பல மடங்கு. அதிக மரணம் காட்டிய அரசு மோசமான அரசு என்று முடிவு கட்டினால், நேர்மையாக எண்ணியவருக்கே தண்டனை கொடுப்பதாக ஆகும்.

உங்கள் கட்டுரைக்கு என் யோசனை இதுதான். கேரளம், தமிழ்நாடு என்று முழு மாநிலங்களைப் போடாதீர்கள். கோவையும் பாலக்காடும், ஈரோடும் சாம்ராஜ்நகரும் என்று எல்லை ஒட்டிய ஜோடிகளை எடுங்கள். மண்ணும் வெயிலும் பஸ் ரூட்டும் ஏறக்குறைய ஒன்று, அரசு மட்டும் வேறு. தொற்று எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, 2018 முதல் 2021 வரை மாதவாரியாகப் பதிவான மொத்த மரணங்களை எடுங்கள். கோவை மாநகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள், பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும். பாலக்காடு நகராட்சிக்குத் தனி மனு, மலையாளம் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள்.